பசங்களா, பழைய கைகளா: கால்பந்து அணியைக் கட்டுவதில் எது லாபம்?

2022 ஆகஸ்ட். மாமல்லபுரம் பூஞ்சேரியில் 44-வது செஸ் ஒலிம்பியாட். போட்டியை நடத்தும் நாடு என்பதால் ஓபன் பிரிவில் இந்தியா மூன்று அணிகளை இறக்கியது. ‘ஏ’ அணி வயதிலும் ரேட்டிங்கிலும் மூத்தது: ஹரிகிருஷ்ணா, விதித் குஜராத்தி, சசிகிரண் என்று பெயர் பெற்ற கைகள். தரவரிசையில் 2-வது இடம். ‘பி’ அணியில் குகேஷ், பிரக்ஞானந்தா, ரவுனக் சத்வானி மூவருக்கும் வயது 16. நிஹால் சரினுக்கு 18. கூட அண்ணன் மாதிரி 29 வயது அதிபன். தரவரிசையில் 11-வது இடம்.

முடிவு என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கும். பசங்க அணி, போட்டியின் நம்பர் 1 அணியான அமெரிக்காவை 3-1 என்று சாய்த்து வெண்கலம் வென்றது. பெரியவர்கள் அணி நான்காவது இடம். தங்கம் வென்ற உஸ்பெகிஸ்தானும் பொடிப் பசங்க அணிதான்.

‘அப்போ விஷயம் முடிஞ்சது, சின்னப் பசங்களை நம்பினா போதும்’ என்று தோன்றும். ஆனால் அதே மாமல்லபுரத்தில் இன்று இன்னொரு விளையாட்டுக்குப் பசங்க வளர்கிறார்கள். ஃப்ரெஷ்வொர்க்ஸ் நிறுவனர் கிரிஷ் மாத்ருபூதம் தொடங்கிய ‘எஃப்சி மெட்ராஸ்’ கால்பந்து அகாடமி அங்கே இருக்கிறது. அங்கேயே தங்கி, படித்து, பயிற்சி எடுக்கும் முறை. அங்கிருந்து சென்னை பெரியமேடு நேரு ஸ்டேடியத்துக்கு ஈசிஆர் வழியாக சுமார் 60 கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் இரண்டு மணி நேரம். 13 வயசுப் பையன் ஒருவன் கால்பந்து வழியாக அந்த ஸ்டேடியத்துக்குள் போக எவ்வளவு நாள் ஆகும்? நல்லபடியாக நடந்தால் ஏழெட்டு வருஷம். நடக்காமலும் போகலாம்.

நடக்குமா என்பதை அவன் கால் மட்டும் முடிவு செய்வதில்லை. ஒரு கிளப் தன் பணத்தை எங்கே போடுகிறது, பேர் எடுத்த சீனியர் மேலா, பேர் தெரியாத ஜூனியர் மேலா என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. அந்தக் கணக்கைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

முதலில், டிராஃப்ட் என்றால் என்ன?

ஐபிஎல் ஏலம் எல்லோருக்கும் தெரியும். யார் அதிகப் பணம் சொல்கிறார்களோ அவர்களுக்கு வீரர். டிராஃப்ட் வேறு. அங்கே ஏலம் கிடையாது, வரிசை மட்டும்தான். உங்கள் முறை வரும்போது மீதம் இருப்பவர்களில் ஒருவரை எடுக்கிறீர்கள். அந்த வீரர் வேறு அணியோடு பேரம் பேச முடியாது.

இதை உருவாக்கியது அமெரிக்காவின் என்எஃப்எல். அது நம்ம ஃபுட்பால் இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால். முதல் டிராஃப்ட் 1936-ல் நடந்தது. இப்போது 32 அணிகள், 7 சுற்றுகள். போன சீசனில் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு, சாம்பியனுக்குக் கடைசி வாய்ப்பு. ‘தோத்தவனுக்கு முதல் பந்தி’ என்பதுதான் தத்துவம்.

ஒரு வேடிக்கை: 1936-ல் முதல் ஆளாகத் தேர்வான ஜே பெர்வாங்கர், தொழில்முறைப் போட்டி ஒன்றில்கூட ஆடவில்லை. டிராஃப்டில் எடுப்பது ஒரு வாக்குறுதியைத்தான், அது ஆட்டமாக மாறும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது என்று முதல் நாளே தெரிந்துவிட்டது.

இந்த முறை அங்கே ஓடுவதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பையனை வளர்க்கும் செலவை என்எஃப்எல் அணிகள் செய்வதில்லை. பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் செய்கின்றன. 21, 22 வயதில் முழுசாகத் தயாரான ஆளைக் கிளப் வந்து எடுத்துக்கொள்கிறது. இந்த விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

நம்ம ஊரில் டிராஃப்ட் நடந்ததா?

நடந்தது. 2014-ல் ஐஎஸ்எல் தொடங்கியபோது, இந்திய வீரர்களை அணிகள் டிராஃப்ட் முறையில்தான் பிரித்துக்கொண்டன. 2017 ஜூலையில் மும்பையில் மறுபடி ஒரு பெரிய டிராஃப்ட். அப்போது புதிதாக வந்த ஜாம்ஷெட்பூர் அணி முதல் ஆளாக எடுத்தது, கேரளத் தடுப்பாட்ட வீரர் அனஸ் எடத்தொடிகாவை. விலை 1.10 கோடி ரூபாய்.

இதில் கவனிக்க வேண்டியது அவர் வயது. அப்போது அனஸுக்கு 30. இந்திய அணிக்கு ஆடிக்கொண்டிருந்த, நிரூபித்துக் காட்டிய வீரர். அதாவது அமெரிக்காவில் டிராஃப்ட் என்றால் காலேஜ் பையன். நம்ம ஊரில் அது சீனியர், ஜூனியர் எல்லோரையும் ஒரே கூடையில் போட்டுப் பிரித்துக்கொடுக்கும் ஏற்பாடு. அடுத்த சீசனிலேயே அனஸ் கேரளா பிளாஸ்டர்ஸுக்குப் போய்விட்டார். முதல் வாய்ப்பில் எடுத்த ஆள், ஒரே வருஷம்.

என்எஃப்எல்லில் டிராஃப்ட் ஆன பையன் குறைந்தது நான்கு வருஷ ஒப்பந்தத்தில் கட்டுப்படுவான். முதல் சுற்று வீரர் என்றால் ஐந்தாவது வருஷத்துக்கும் அணிக்கு உரிமை உண்டு. அந்த நான்கைந்து வருஷம்தான் டிராஃப்டின் உயிர். அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது சீட்டுக் குலுக்கல் மாதிரி ஒரு சடங்கு. 2017-க்குப் பிறகு ஐஎஸ்எல் அந்தச் சடங்கையும் விட்டுவிட்டது. இப்போது அணிகள் வீரர்களோடு நேரடியாகப் பேசி ஒப்பந்தம் போடுகின்றன.

சீனியர் எதை வாங்கித் தருவார்?

சென்னையின் எஃப்சி-யின் கதையை எடுத்துக்கொள்வோம். பாடப் புத்தகம் மாதிரி எல்லா அத்தியாயமும் அதில் இருக்கிறது.

முதல் ஐஎஸ்எல் சீசனே சீனியர்களின் திருவிழா. டெல்லிக்கு டெல் பியரோ, கோவாவுக்கு ராபர்ட் பிரெஸ், கேரளாவுக்கு 44 வயது டேவிட் ஜேம்ஸ். சென்னைக்கு பிரேசிலின் எலானோ. கூடவே ஆடிக்கொண்டே கோச்சாகவும் இருந்த இத்தாலியின் மார்கோ மட்டெராஸி. எலானோ 8 கோல் அடித்து அந்த சீசனின் கோல்டன் பூட் வாங்கினார். டெல் பியரோ 10 ஆட்டத்தில் ஒரே ஒரு கோல். இருவரும் உலகப் புகழ் பெற்றவர்கள்தான். ஒருவர் கொடுத்த காசுக்கு ஆடிக் காட்டினார், மற்றவருக்கு டிக்கெட் விற்ற அளவுக்கு கோல் வரவில்லை.

2015-ல் சென்னை சாம்பியன். ஆனால் அந்த சீசனின் நாயகன் பழைய பெயர்களில் ஒருவர் இல்லை. 13 கோல் அடித்த கொலம்பியாவின் ஸ்டீவன் மெண்டோசா. அவருக்கு அப்போது 23 வயது.

2017-18-ல் இரண்டாவது கோப்பை. கோச் ஜான் கிரிகோரி. அந்த அணியின் கலவையைப் பாருங்கள். ஒரு பக்கம் இங்கிலாந்தின் பிரைட்டனில் ஆடிய இனிகோ கால்டெரான், வயது 36. போர்த்துகலின் ஹென்ரிக் செரெனோ, 32. கோல்கீப்பர் கரண்ஜித் சிங்கும் முப்பதைத் தாண்டியவர். இன்னொரு பக்கம் 20 வயது அனிருத் தாப்பா, 19 வயது ஜெர்ரி லால்ரின்ஸுவாலா. நடுவில் 27 வயது ஜேஜே, சென்னைப் பையன் தனபால் கணேஷ். அரையிறுதியில் கோவாவை மொத்தம் 4-1 என்று வென்றபோது கோல் அடித்தவர்கள் தாப்பா, ஜேஜே, கணேஷ். இறுதிப் போட்டியில் பெங்களூருவை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று சாய்த்தபோது அடித்தவர்கள் மெயில்சன் ஆல்வெஸ், ரஃபேல் அகஸ்டோ என்ற பிரேசில்காரர்கள். அந்தக் கோப்பையில் பசங்க கையும் இருந்தது, பழைய கையும் இருந்தது.

அடுத்த வருஷம் என்ன நடந்தது? கோச் அதே ஆள். முக்கிய வீரர்களில் பலரும் அதே ஆட்கள். 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 9 புள்ளி, பட்டியலில் கடைசி இடம்.

ஒரே வருஷத்தில் சாம்பியன் கடைசிக்கு விழுவது எப்படி? கணேஷ் முழங்கால் காயத்தால் ஆடவே முடியவில்லை. மற்றவர்களுக்கு ஒரு வயது கூடிவிட்டது. கோப்பையைத் தந்த கூட்டணியைக் கலைக்க யாருக்கும் மனசு வராது. அந்த மனசுக்குத்தான் விலை. சீனியரை வாங்கும்போது நீங்கள் வாங்குவது இந்த சீசனை. அடுத்த சீசன் அந்த விலையில் சேராது.

கிரிக்கெட்டில் நம்ம சிஎஸ்கே இதே பாடத்தைப் பெரிய மேடையில் படித்தது. 2018-ல் ‘அங்கிள்ஸ் டீம்’ என்று கிண்டல் அடிக்கப்பட்ட அணி கோப்பை வென்றது. இறுதிப் போட்டியில் சதம் அடித்த வாட்சனுக்கு 36 வயது. அந்த ஃபார்முலாவை நம்பியே ஓட்டி, 2025-ல் முதல்முறையாகப் பட்டியலில் கடைசி இடம். அதே டிசம்பரில் நடந்த ஏலத்தில், இந்திய அணிக்கு ஆடியிராத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா இருவரையும் ஆளுக்கு 14.20 கோடிக்கு எடுத்தது. ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்கு ஒரே தாவல்.

அப்போ ஜூனியர்தான் லாபமா?

இங்கேதான் பலர் தடுமாறும் இடம். ‘இளம் வீரர்’ என்பதில் லாபம் இல்லை. ‘மலிவான இளம் வீரர்’ என்பதில்தான் லாபம்.

என்எஃப்எல்லில் 2010-ல் முதல் ஆளாகத் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்குக் கிடைத்த ஒப்பந்தம் 6 வருஷத்துக்கு 7.8 கோடி டாலர். இன்னும் ஒரு ஆட்டம்கூட ஆடாத பையனுக்கு அனுபவசாலியைவிட அதிகச் சம்பளம். மறு வருஷமே விதியை மாற்றினார்கள். 2011-ல் முதல் ஆளான கேம் நியூட்டனுக்கு 4 வருஷத்துக்கு 2.2 கோடி டாலர். ஆள் அதே முதல் இடம், விலை விழுந்துவிட்டது. அதன் பிறகு, நல்ல இளம் வீரர் கிடைத்த அணிக்கு நான்கு வருஷம் கையில் காசு மிச்சம். அந்தக் காசில் சீனியர்களை வாங்கலாம்.

பின்னாளில் பொருளாதார நோபல் வாங்கிய ரிச்சர்ட் தேலரும் கேட் மாஸியும் சேர்ந்து இந்த டிராஃப்ட் சந்தையை ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்டது இரண்டு. ஒன்று, முதல் சில தேர்வுகளுக்கு அணிகள் கொடுக்கும் விலை மிக அதிகம். கொடுத்த காசுக்குக் கிடைக்கும் உபரி லாபம் இரண்டாவது சுற்றின் தொடக்கத்தில்தான் உச்சம். இரண்டு, ஒரே இடத்தில் ஆடும் இரண்டு பேரில் முதலில் தேர்வானவர், அடுத்துத் தேர்வானவரைவிட நன்றாக ஆடுவதற்கான வாய்ப்பு 52 சதவீதம். நாணயம் சுண்டினால் 50. நிபுணர்கள் வருஷம் முழுக்க வீடியோ பார்த்து, ஊர் ஊராகப் போய் எடுக்கும் முடிவு, நாணயத்தைவிட இரண்டு சதவீதம்தான் மேல்.

இந்த ஆராய்ச்சிக்கு உயிருள்ள உதாரணம் டாம் பிரேடி. 2000-ம் ஆண்டு டிராஃப்டில் 198 பேரை எடுத்த பிறகு, 199-வது ஆளாக நியூ இங்கிலாந்து அணி அவரை எடுத்தது. அந்த அணிக்கு ஆறு கோப்பை. பிறகு 2020-ல் டாம்பா பே அணி அவரைச் சீனியராக அழைத்துக்கொண்டது. 43 வயதில் ஏழாவது கோப்பை. ஒரே ஆள், ஒரு அணிக்கு டிராஃப்ட் அதிர்ஷ்டம், இன்னொரு அணிக்கு அனுபவ முதலீடு.

இரு ஓரத்துக்கும் ஆளுக்கு ஒரு அணியைச் சொல்லலாம். 1989-ல் டல்லஸ் கவ்பாய்ஸ், தன் ஒரே நட்சத்திரமான ஹெர்ஷல் வாக்கரை மின்னசோட்டாவுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு டிராஃப்ட் வாய்ப்புகளை அள்ளிக்கொண்டது. அன்று சிரித்தார்கள். அடுத்த பத்தாண்டில் டல்லஸுக்கு மூன்று கோப்பை. நேர்மாறாக, லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் தன் முதல் சுற்று வாய்ப்புகளை வருஷக் கணக்கில் விற்று, மேத்யூ ஸ்டாஃபர்ட் மாதிரி தயார் நிலை வீரர்களை வாங்கியது. 2022 பிப்ரவரியில் கோப்பை. அடுத்த சீசன் 5 வெற்றி, 12 தோல்வி.

ராம்ஸ் கதையில் பலரும் சொல்லாமல் விடுவது ஒன்று. அந்த இறுதிப் போட்டியின் ஆட்ட நாயகன் கூப்பர் கப், விலைக்கு வாங்கப்பட்டவர் இல்லை. ராம்ஸே டிராஃப்டில் மூன்றாவது சுற்றில் எடுத்து வளர்த்தவர். சீனியரை வாங்கிக் கோப்பை அடித்த அணிக்கும், அடித்தளம் சொந்தப் பிள்ளைகள்தான்.

கோவையில் நடந்த அதிசயம்

சரி, டிராஃப்டும் இல்லை, பெரிய பணமும் இல்லை. அப்படி ஒரு அணி என்ன செய்யும்? தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது.

சென்னை சிட்டி எஃப்சி. பெயரில் சென்னை, ஆடியது கோவை நேரு ஸ்டேடியத்தில். 2017-18 ஐ-லீகில் தகுதி இறக்கத்திலிருந்து தப்பித்த அணி. 2018-ல் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் கோச்சாக வந்தார். பெரிய பெயர் எதையும் வாங்கவில்லை. ஸ்பெயினின் கீழ் நிலைப் போட்டிகளிலிருந்து பெட்ரோ மான்ஸி, சாண்ட்ரோ, நெஸ்டர் கோர்டில்லோ ஆகியோர். கூடவே எட்வின், அஜித்குமார், ரொமாரியோ யேசுராஜ் என்று தமிழ்நாட்டுப் பசங்க.

2019 மார்ச் 9, கடைசி நாள். மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று 43 புள்ளி. ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே புள்ளியில் இந்திய சாம்பியன். மான்ஸி மட்டும் 21 கோல்.

நூறு வருஷப் பாரம்பரியம் உள்ள கொல்கத்தா கிளப்பை, விலை குறைந்த, யாரும் கேள்விப்படாத ஆட்களை வைத்து ஜெயித்தது அந்த அணி. மாஸியும் தேலரும் காகிதத்தில் போட்ட கணக்கை கோவை மைதானத்தில் போட்டுக் காட்டிய மாதிரி.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஜெயித்த உடனே எல்லோர் கண்ணும் அந்த வீரர்கள் மேல். கோர்டில்லோ ஹைதராபாத்துக்கு. எட்வின் சென்னையின் எஃப்சி-க்கு. 2020 ஜனவரியில் மான்ஸி ஜப்பானுக்கு. 2020-21 சீசனுக்குப் பிறகு ஐ-லீகில் அந்த அணியே இல்லை.

மலிவாக எடுத்து வளர்த்தால் பெரிய லாபம். ஆனால் வளர்ந்த பிள்ளையைப் பிடித்து வைக்கப் பணம் வேண்டும், அல்லது விற்ற காசில் அடுத்த பிள்ளையை வளர்க்கப் பொறுமை வேண்டும். இரண்டும் இல்லாத கிளப்புக்கு ஒரு கோப்பை ஒரு தீபாவளிதான்.

வளர்ப்பது யார், வாங்குவது யார்?

இப்போது முன்னே நினைவில் வைக்கச் சொன்ன விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவில் வளர்க்கும் செலவைப் பல்கலைக்கழகம் ஏற்கிறது. நம்ம பக்கம்?

செங்கல்பட்டு மாவட்டத்தில் பல்கலைக்கழகங்களுக்குக் குறைவில்லை. மேலக்கோட்டையூரில் விளையாட்டுக்கென்றே தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. காட்டாங்குளத்தூரில் எஸ்ஆர்எம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்து ஆடும் நல்ல வீரர்கள் நிறைய. ஆனால் கால்பந்தில் 21 வயது என்பது தொடங்கும் வயது இல்லை. தாப்பா 20 வயதில் ஐஎஸ்எல் கோப்பையைக் கையில் வைத்திருந்தார். காலேஜ் முடித்துத் தேர்வாகும் அமெரிக்க முறை இங்கே ஒத்துவராது. 12, 13 வயதிலேயே யாராவது கையில் எடுத்தாக வேண்டும்.

அதனால்தான் உலகக் கால்பந்தின் பெரும்பகுதி டிராஃப்டைத் தொடுவதில்லை. கிளப்பே அகாடமி நடத்துகிறது. அமெரிக்காவின் எம்எல்எஸ் கால்பந்து லீகில் இன்றும் டிராஃப்ட் உண்டு, ஆனால் அணிகள் சொந்த அகாடமி தொடங்கிய பிறகு அதன் மவுசு குறைந்துவிட்டது. அதே லீகில் 36 வயதில் மெஸ்ஸி வந்து இன்டர் மயாமிக்கு அந்த ஆண்டே லீக்ஸ் கோப்பையும் வாங்கிக் கொடுத்தார் என்பதும் உண்மை. மெஸ்ஸி கிடைத்தால் யாரும் வயது கேட்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டுப் பசங்க வளராமல் இல்லை. காரைக்குடிப் பக்கத்துப் பையன் சிவசக்தி நாராயணன், முன்னாள் இந்திய வீரர் ராமன் விஜயனின் பள்ளியில் பயின்றவர். 2022 டூரண்ட் கோப்பை இறுதிப் போட்டியில் கோல் அடித்தார், ஆனால் பெங்களூரு எஃப்சி சட்டையில். சென்னையின் நந்தகுமார் சேகர், 2023 ஆகஸ்டில் கொல்கத்தா டெர்பியில் மோகன் பகானுக்கு எதிராக வெற்றி கோல் அடித்தார், ஈஸ்ட் பெங்கால் சட்டையில். குமரி மாவட்டக் கடற்கரையின் மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டியில் மின்னி, ஜாம்ஷெட்பூர், பிறகு கொல்கத்தா என்று போனார். திறமை இங்கே, சட்டை அங்கே.

வளர்த்தவருக்கு என்ன கிடைக்கும்? ஃபிஃபாவில் ‘சாலிடாரிட்டி’ என்று ஒரு விதி இருக்கிறது. ஒரு வீரர் நாடு விட்டு நாடு கிளப் மாறும்போது, மாற்றுத் தொகையில் 5 சதவீதத்தை, அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். 12 முதல் 15 வயது வரை வருஷத்துக்கு 0.25 சதவீதம், அதன் பிறகு வருஷத்துக்கு 0.5 சதவீதம். 13 வயதில் சேர்த்து 17 வயது வரை ஐந்து வருஷம் வளர்த்தால் மொத்தம் 1.75 சதவீதம். ஒரு கோடி ரூபாய்க்கு அந்தப் பையன் வெளிநாடு போனால், வளர்த்த இடத்துக்கு 1.75 லட்சம். ஐந்து வருஷச் சாப்பாடு, படிப்பு, பூட்ஸ், பயணம் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால், இது மனசுக்குத் திருப்தி தரும் தொகை, வண்டி ஓட்டும் தொகை இல்லை.

எனவே அகாடமி என்பது அடுத்த வருஷ லாபத்துக்காகச் செய்யும் வேலை கிடையாது. தென்னங்கன்று வைப்பது மாதிரி. நட்டவர் இளநீர் குடிக்கச் சில வருஷம் ஆகும், அதுவும் வேலி போட்டிருந்தால்.

வேலி என்பது இங்கே லீக். 2025 ஜூலையில், ஒளிபரப்பு மற்றும் வணிக உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் ஐஎஸ்எல் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்சி தன் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது. சீசன் எப்போது என்றே தெரியாத நிலையில், 34 வயது வெளிநாட்டு வீரரோடு ஒரு வருஷ ஒப்பந்தம் போடலாமா என்பதே அப்போது கேள்வியாக இருந்தது. 14 வயதுப் பையனுக்கு ஆறு வருஷத் திட்டம் போடுவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. லீக் ஆடும்போது முதலில் உடைவது நீண்ட காலத் திட்டம்தான்.

நல்ல செய்தியும் உண்டு. 2014-ல் ஒரு ஐஎஸ்எல் அணி ஒரே நேரத்தில் 6 வெளிநாட்டு வீரர்களைக் களத்தில் வைக்கலாம். 2021-22 முதல் அது 4. அதாவது பதினொரு இடத்தில் ஏழு இடம் நம்ம ஆட்களுக்கு. அந்த ஏழு இடத்துக்கும் ஆள் வேண்டும். சீனியர் சந்தையில் இந்திய நட்சத்திரங்கள் கொஞ்சம் பேர்தான், விலையும் ஏறிக்கொண்டே இருக்கும். கணக்குத் தெரிந்த கிளப் ஜூனியரைத் தேடி வந்தே ஆக வேண்டும்.

அப்போ எதுதான் சரி?

‘பசங்களா, சீனியரா’ என்ற கேள்வியை விட்டுவிட்டு, எந்த அணியைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று, எத்தனை வருஷம் கையில் இருக்கிறது? இந்த சீசன் ஜெயித்தே ஆக வேண்டும் என்றால் சீனியர். மூன்று வருஷம் தாங்கும் பொறுமை முதலாளிக்கும் ரசிகருக்கும் இருந்தால் ஜூனியர். பொறுமை இல்லாமல் ஜூனியரை இறக்கினால், பத்தாவது ஆட்டத்தில் கோச் போய்விடுவார், பையன் பெஞ்சுக்குப் போய்விடுவான்.

இரண்டு, என்ன விலை? நல்ல விலைக்கு வந்த 35 வயது கால்டெரான் லாபம். ஆடாத பையனுக்கு 7.8 கோடி டாலர் நஷ்டம். வயது விலையைச் சொல்வதில்லை.

மூன்று, வளர்ப்பது யார்? 2022-ல் மாமல்லபுரத்தில் ஜெயித்த செஸ் பசங்க வானத்திலிருந்து குதிக்கவில்லை. குகேஷும் பிரக்ஞானந்தாவும் சென்னையில் ஒரே பள்ளியில் படித்தவர்கள், சின்ன வயதிலிருந்தே கோச்சுகளின் கண் பார்வையில் வளர்ந்தவர்கள். அணிக்குப் பயிற்சியாளராக இருந்த ஆர்.பி.ரமேஷ் பல வருஷமாகச் சென்னையில் பசங்களை உருவாக்கிக்கொண்டிருந்தவர். அந்த வெண்கலம் இரண்டு வாரத்தில் கிடைத்தது மாதிரி தெரிந்தது. உண்மையில் பத்து வருஷம் பிடித்தது. பசங்க நடுவில் ஒரு அதிபனும் உட்கார்ந்திருந்தார் என்பதையும் மறக்க வேண்டாம்.

2018-ல் கோப்பை தூக்கிய சென்னை அணியும் அதே மாதிரிதான். 19 வயது ஜெர்ரி இடது ஓரத்தில் ஏறி ஓடும்போது, 36 வயது கால்டெரான் வலது ஓரத்தில் இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒருவர் இல்லாமல் மற்றவர் பாதி அணி. அந்தச் சமநிலையை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும் என்பதை மறந்ததுதான் அடுத்த வருஷத்தின் 9 புள்ளி.

உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ ஒரு பையனோ பொண்ணோ பந்தை விடாமல் உதைத்துக்கொண்டிருந்தால், அகாடமியில் சேர்க்கும் முன் ‘என் பிள்ளை ஸ்டார் ஆவானா?’ என்று கேட்காதீர்கள். யாராலும் சொல்ல முடியாது; 52 சதவீதம்தான் நிபுணர்களின் கண். பதிலாக, ‘வருஷத்துக்கு எத்தனை போட்டி ஆட விடுவீங்க? படிப்பு என்ன ஆகும்? 17 வயசுக்குப் பிறகு எந்த அணியில் இடம்?’ என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் நேரான பதில் தருகிற இடம்தான் நல்ல இடம்.

கடைசிக் கேள்விக்கான பதில் அகாடமி கையில் மட்டும் இல்லை. மாமல்லபுரத்தில் பையன் தயாராகிறானா என்று பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள். 60 கிலோமீட்டர் தள்ளி, எழுபதாவது நிமிஷத்தில் ஒரு சீனியரை வெளியே எடுத்துவிட்டு அவனை உள்ளே அனுப்ப ஒரு கோச்சுக்கு தைரியம் வேண்டும். அந்தக் கோச்சை மறுநாள் திட்டாமல் இருக்க நமக்கும் கொஞ்சம் பொறுமை வேண்டும்.